தோட்டத்து இலை

தார்ச்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

உச்சி வெயிலில் துறைமேடையில் ஊரே திரண்டு நின்றது. நடுவில் ஒரு பீப்பாயின் மேல் கப்பல்காரர் கிடியன் வெப்பைச் சட்டையில்லாமல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் தாரைப் பூசி, இறகை ஒட்டி, தெருத்தெருவாக இழுத்துப்போக வேண்டியதுதான் பாக்கி.

லண்டனிலிருந்து வந்த அவருடைய கப்பலில் பதினோரு பெட்டித் தேயிலை இருந்தது. இங்கிலாந்து ராஜா ஜார்ஜ் வரி போட்ட தேயிலை. அதை அமெரிக்காவின் இந்த மேரிலாந்துக் கரையில் எவனும் வாங்குவதில்லை, குடிப்பதில்லை என்று ஊர்கூடிச் சத்தியம் செய்து பத்து மாதம் ஆகிறது.

நுனியில் கந்தல் சுற்றிய தார்க்கட்டை ஒபதாயா டிரிக்ஸின் கையில் இருந்தது. கப்பல் பலகைகளின் இடுக்கில் சணலைத் திணித்துத் தார் பூசுவது அவன் தொழில். வெப்பின் கப்பலுக்குப் பூசியவனும் அவன்தான். இன்று முதலாளிக்கே பூசப்போகிறான்.

அதில் அவனுக்குத் துளிகூட வருத்தமில்லை. அவன் தம்பி ஏமோஸை ராஜாவின் போர்க்கப்பல்காரர்கள் நடுக்கடலில் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. இருக்கிறானா செத்தானா என்று போய்க் கேட்க ஒரு வாசல் கிடையாது. அந்த ராஜாவுக்கு ஒரு செம்புக்காசு போகும் என்றால் ஒபதாயாவுக்குப் பச்சைத்தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது.

சத்தியம் செய்வதில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. மொட்டைத்தலையனுக்குச் சீப்பை விடுவதில் என்ன கஷ்டம்? தேயிலை பெரிய வீட்டுச் சாமான். அவன் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

சத்தியத்தைக் காக்க அமைத்த ஊர்க் கமிட்டியின் ஒன்பது கனவான்களும் வாராவாரம் கூடியது அவன் வீட்டு அடுக்களையில்தான். மாடிவீடுகள் எத்தனையோ இருக்க, ஒரு தார்க்காரன் வீட்டில்! தலைவர் லெமுவேல் தோர்ன் வரும்போதே ஒரு துணிப்பை கொண்டுவருவார்.

"நம்ம தோட்டத்து ராஸ்பெர்ரி இலை. தேயிலைக்குப் பதிலா இனி இதுதான். கொதிக்க வையம்மா."

ஒபதாயாவின் மனைவி கெசாயா கொதிக்க வைப்பாள். ஒன்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்கள். சட்டியில் மிஞ்சியதைப் புருஷனும் பெண்டாட்டியும் குடிப்பார்கள். ராஜாவின் தேயிலை இல்லாமல் நாமென்ன செத்தா போய்விட்டோம் என்று ஒபதாயா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான்.

"தேயிலையக் கொளுத்திடுங்க. கப்பல மட்டும் விட்டுடுங்க, தோர்ன். அதுதான் என் பொழப்பு," என்றார் வெப்.

"கப்பலும் சேந்துதான். கொள்ளிய உன் கையாலயே வைக்கணும். இல்லேன்னா தாரு," என்றார் தோர்ன். பிறகு ஒபதாயாவைப் பார்த்தார். "பெட்டிய உடைப்பா. துரோகம் என்ன நிறம்னு சனம் பாக்கட்டும்."

ஒபதாயா கோடாலியை ஓங்கினான். தம்பியை நினைத்துக்கொண்டே போட்டான். பலகை பிளந்தது. உள்ளே இருந்த ஈயத்தகடு கிழிந்தது. கருத்துச் சுருண்ட இலை மேடையில் சரிந்தது.

வாசனை எழுந்தது.

அவன் கோடாலியைக் கீழே வைத்தான். ஒரு பிடி அள்ளி முகர்ந்தான். திரும்பவும் முகர்ந்தான்.

இறகுக் கூடையோடு கெசாயா பக்கத்தில் வந்து நின்றாள். தேசத்துக்காகத் தன் ஒரே தலையணையைக் கிழித்துக் கொண்டுவந்தவள் அவள். குனிந்து பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம ஐயா தோட்டத்து இலையாச்சே!"

அவளுக்கு எப்போதுமே கணீர்க் குரல். மேடையின் கடைசி ஆள்வரைக்கும் கேட்டது.

ஒன்பது கனவான்களும் ஒரே சமயத்தில் கடலைப் பார்த்தார்கள்.

பீப்பாயின் மேல் வெப் மட்டும் சிரித்தார்.

மாடிவீடுகளையெல்லாம் விட்டுவிட்டு அவர்கள் தன் அடுக்களையைத் தேடி வந்தது ஏன் என்று ஒபதாயாவுக்கு இப்போது விளங்கியது. தேயிலை வாசனையே தெரியாத வீடு அது. பத்து மாதமாகத் தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி ராஜாவின் தேயிலையைத்தான் குடித்திருக்கிறான்.

தார்க்கட்டையை எடுத்துச் சட்டியில் ஆழமாகத் தோய்த்தான்.

வெப்பைத் தாண்டித் தோர்னிடம் போனான்.

"சட்டையக் கழட்டுங்க, ஐயா."