மஞ்சள் கோட்டுக்காரர்

"இன்னும் அப்படியேதான் உக்காந்திருக்காரு" என்றபடி, வளைவுக்கு இப்பால் கட்டியிருந்த படகுக்குள் சொட்டச் சொட்ட நுழைந்தார் கணவர்.

கால்வாயை மறித்து நிற்கும் மதகின் மேலே, மஞ்சள் மழைக்கோட்டுக்குள் ஒடுங்கி அந்த ஆள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆள் உயரக் கதவைத் திறந்து படகை உள்ளே விட்டு, தண்ணீரை நிரப்பினால்தான் அது மேல்மட்டத்துக்கு ஏற முடியும்.

மனைவி ஈர மெத்தையில் சுருண்டிருந்தாள். மூன்று நாள் உல்லாசப் பயணத்தில் மூன்று நாளும் மழை. எட்டு மாதம் ஆஸ்பத்திரி வார்டில் கால் கடுக்க நின்று சேர்த்த விடுப்பு, தண்ணீரிலேயே போயிற்று.

"நாலு மணிக்குப் படகை ஒப்படைக்கணும். அஞ்சு மணி ரயிலை விட்டா, காலைல டியூட்டிக்குப் போக முடியாது. மேட்ரன் கடைசி வார்னிங் கொடுத்தாச்சு. என் வேலை போனா நீங்களா பதில் சொல்லுவீங்க? மதகு திறக்கிறவர்கிட்ட போய்க் கேளுங்களேன்!"

"அவசரப்படாத. முப்பது வருஷம் லைசென்ஸ் ஆபீஸ் கவுன்ட்டர்ல உக்காந்தவன் நான். இந்த மாதிரி ஆளுங்களக் கேள்வி கேட்டா, வேணும்னே இழுத்தடிப்பாங்க. அவங்களா நிமிர்ந்து பாக்கணும்."

"பாத்தாரா?"

"பாத்தாரு. வணக்கம் வச்சேன். அவரும் வச்சாரு. அவ்வளவுதான்."

காற்றில் அறைக்கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. படகோடு கொடுத்த இரும்புக் கைப்பிடி ஒன்றை, எதற்கென்று தெரியாததால், அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் அதைக் காலால் நெருக்கித் தள்ளினாள்.

மணி இரண்டு. மிச்சமிருந்த டீயை பிளாஸ்கில் ஊற்றி நீட்டினாள். "கால்ல விழணும்னாலும் விழுங்க. என்னால முடியலைங்க."

வழுக்கும் படிகளில் ஏறும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. கவுன்ட்டருக்கு வெளியே எத்தனை பேரை இப்படி நிற்க வைத்திருப்பார்! இன்று அதற்கெல்லாம் சேர்த்து வட்டியும் முதலுமாக அனுபவிப்பதாகத்தான் நினைத்தார்.

அவரைக் கண்டதும் மஞ்சள் கோட்டு எழுந்து, கைப்பிடி இல்லாமல் நின்ற பல்சக்கரத்தைத் தாண்டி, கதவின் மேலிருந்த குறுகிய பலகையில் நடந்து வந்தது. அப்பாடா, மனம் இரங்கிவிட்டார்! இவர் பணிவாகக் குனிந்து பிளாஸ்கை நீட்டினார்.

வந்தவரோ, அதற்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை இவர் கையில் திணித்துவிட்டுக் கும்பிட்டார்.

"சார், எங்க படகு காலைலேருந்து அந்தப் பக்கம் நிக்குது. கொஞ்சம் மனசு வச்சு கதவத் திறந்து விடுங்க!"