அக்காவின் இடது சிறுநீரகம்

வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே தம்பி சேது. டயாலிசிஸ் படுக்கையில், இடது கையில் இரண்டு குழாய்களோடு. காலாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறான், படுபாவி.

இந்தக் கதவைத் தாண்டித்தான் முப்பது வருஷமாக டாக்டராகப் போய் வருகிறாள். யார் யாரிடமோ என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். இன்றைக்குத் தம்பியிடம் சொல்ல வேண்டும்.

அவள் சிறுநீரகம் பொருந்துமா என்று அவளுடைய ரத்தத்தையும் சேதுவின் ரத்தத்தையும் காலையில் சேர்த்துப் பார்த்தார்கள். அவளை லேப் பக்கமே விடவில்லை. சொந்தக்காரர் சோதனையைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். எல்லாம் முடிந்தபிறகு லேப் ரெஜினா வந்து அவளைக் கூட்டிப்போய் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள்.

குனிந்து பார்த்தாள்.

சேதுவின் ரத்தத்தில் கலந்த அவளுடைய செல்கள். உயிரோடிருந்தால் பளபளவென்று இருக்கும். செத்தால் சாயம் ஏறும்.

அத்தனையும் சாயம் ஏறிக் கிடந்தன.

சேதுவின் ரத்தம் அவளை ஏற்காது. அவள் சிறுநீரகத்தை வைத்தால் ஆபரேஷன் மேஜையிலேயே கறுத்துப்போகும். ரத்தம் குறைந்தபோதெல்லாம் அவனுக்கு ஏற்றினார்களே ஊரார் ரத்தம், அது செய்த வேலை.

இந்த எதிர்ப்பை அடக்கத்தான் அவள் மருந்து தேடினாள். கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் அதை மறந்தே போய்த் தேடினாள். கண்டும் பிடித்தாள். வெளிநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். எத்தனையோ பேருக்கு அது கேட்டது. இவ்வளவு பலமான எதிர்ப்புக்கு மட்டும் கேட்காது. அதையும் எழுதிவைத்தவள் அவளேதான்.

என்ன படிப்புடி படித்துக் கிழித்தாய் நீ!

கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அம்மா அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. அவன் பெண்டாட்டி கோதைக்குச் சர்க்கரை. அவன் கையில் ஊசி குத்த இடம் தீர்ந்துகொண்டே வருகிறது. இருந்தது அவள் ஒருத்திதான்.

இடது சிறுநீரகத்தைத்தான் எடுப்பார்கள். ரத்த குரூப் ஒன்றுதான் என்று தெரிந்த நாளிலிருந்து இடது விலாவுக்குக் கீழே கை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். ‘அவன்கிட்டப் போய் என் மானத்தை வாங்கிடாத, ஒழுங்கா வேலை பாரு’ என்று அதை மிரட்டினாள். லீவு போட்டாயிற்று. புது நைட்டி வாங்கியாயிற்று. அவனும் சும்மா இருந்தானா! உன் கிட்னி வந்தா எனக்கும் உன்னை மாதிரி மூக்குக்கு மேல கோபம் வருமாக்கா என்று கேட்டுக்கொண்டே திரிந்தான்.

உள்ளே போனாள்.

சேது டிவி சத்தத்தைக் குறைத்தான்.

“பொருந்தலடா.”

சொன்னபிறகுதான் உறைத்தது. அதே குரல்.

அந்த வார்த்தைக்கென்றே அவளிடம் ஒரு குரல் உண்டு. சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்களைத் தனியே கூப்பிட்டு, முழு மனசோடுதானா என்று கேட்பது வழக்கம். சிலர் அங்கேயே உடைந்துவிடுவார்கள். அண்ணனுக்காக வந்த தம்பி. புருஷன் வீட்டார் தள்ளிக்கொண்டு வந்த புது மருமகள். பயமா இருக்கு டாக்டர் என்பார்கள். அவர்களை அவள் ஒருநாளும் திட்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்பாள். வெளியே வந்து குடும்பத்தாரிடம் ஒரே வார்த்தை. பொருந்தவில்லை. கண் இமைக்காமல், குரல் பிசகாமல்.

லேபுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. ஒருத்தனைத் தவிர.

ஏதோ ஒரு தீபாவளி மத்தியானம். சேதுவுக்கு நோய் வராத காலம். சாப்பிட்ட இலையை எடுக்கக்கூட இல்லை. பேச்சுவாக்கில், நோயாளிகள் பெயர் எதுவும் சொல்லாமல், ரெஜினா கூட நின்று தலையாட்டுவது உட்பட இந்தச் சங்கதியை அவிழ்த்துவிட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சரியான கேடிக்கா நீ, உன் மூஞ்சியப் பாத்தா எவனும் நம்பிடுவான் என்றான்.

இப்போது அந்த மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் முகம் முதலில் அப்படியே விழுந்துபோனது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான். என்னவோ புரிந்துவிட்டதுபோல.

சிரித்தான். கோபம் துளிகூட இல்லாத சிரிப்பு. ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

நிஜமாத்தான்டா என்று சொல்ல வாயெடுத்தாள். நிஜம் என்று எப்படிச் சொல்வது? எல்லாக் குடும்பத்திடமும் நிஜம் மாதிரிதானே சொன்னாள். ரெஜினாவைக் கேள் என்றால்? அந்தப் பொய்களுக்கெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டியவள் ரெஜினா. மைக்ரோஸ்கோப்பில் காட்டினால் அவனுக்கு என்ன தெரியும், புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நோயாளி முன்னால் ஒருநாளும் அழாதவள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சேது பதறிப்போனான். குழாய் இல்லாத கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வாசல் பக்கம் பார்த்தான். டீ வாங்கப் போன கோதை, பிளாஸ்க்கோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

குரலைத் தாழ்த்தினான்.

“அழாதக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”