குளிருக்கு எடுத்த உடுப்பு

லக்‌ஷன் நான்காவது மழை ஜக்கெற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினான்.

"கையைத் தூக்கினா இடுப்பு தெரியுது அக்கா. காத்து உள்ளுக்கை போகும்."

அனோஜினி அதை வாங்கிக் கடைக்காரப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் சிரித்தாள். அவர்கள் கடைக்குள் நுழைந்தபோது சிரித்த சிரிப்பு இல்லை அது.

மலையேறுகிறவர்களுக்கும் நெடுந்தூரம் நடக்கிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடை. லண்டனில் மிச்சம் என்கிற இடத்திலிருந்து அக்காவும் தம்பியும் ட்ராம் பிடித்துக் குறோய்டனுக்கு வந்திருந்தார்கள். அனோஜினிக்குப் பல் வைத்தியர் ஒருவரிடம் ரிசெப்ஷனில் வேலை. இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று கணவனிடம் சொல்லியிருந்தாள். மத்தியானம் எப்போதோ போய்விட்டது.

மார்ச் கடைசியில் தம்பி நடக்கப் போகிறான். வட இங்கிலாந்தின் மலைகள் வழியாக ஸ்கொட்லாந்து எல்லை வரைக்கும், மூன்று கிழமை. கூடப் படித்த டெனுசனும் போகிறான். முதுகில் ஒரு பை, பைக்குள் கூடாரம். அங்கே அந்த நாட்களில் ஏற்றத்தில் வேர்க்கும், பின்னேரம் மழை அடிக்கும், இரவில் புல்லே உறைந்துபோகும் என்று டெனுசன் சொல்லியிருந்தான்.

அனோஜினி தன் பங்குக்கு மொத்தமான சுவெற்றர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதைப் பாரடா, நல்ல வடிவா இருக்கு."

அவன் உள்பக்கத்து லேபிளைத்தான் பார்த்தான். "பருத்தி வேண்டாம். வேர்வையிலை நனைஞ்சா காயாது. நிண்ட உடனை விறைக்கப் பண்ணிப்போடும்."

கல்யாண வீட்டுக்குக்கூட அக்கா அயர்ன் பண்ணி வைத்ததை என்ன நிறம் என்று பார்க்காமல் போட்டுக்கொண்டு வருகிறவன் அவன்.

மெல்லிய கம்பளி உள்ளாடையைக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தான், கடிக்கிறதா என்று. அதற்கு மேலே போடுகிற, பிளீஸ் என்கிற மெத்தென்ற சட்டைக்குத் தாடை வரை சிப் இருக்கவேண்டும் என்றான். ஏறும்போது திறந்துவிடலாம், இறங்கும்போது இழுத்து மூடலாம். மழை ஜக்கெற் கடைசியில் ஒரு சைஸ் பெரிதாகக் கிடைத்தது. பிளீஸை உள்ளே போட்டபடியே அதைப் போட்டு, இரண்டு கையையும் தூக்கி, குனிந்து, சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி செய்து பார்த்தான். கையுறை போட்ட விரல்களால் பையின் கிளிப்பைப் பூட்டித் திறந்தான். பூட்ட முடியாத கையுறையைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்று எடுத்தான்.

கூடாரத்துக்குள் மட்டும் போட ஒரு சோடி உடுப்பு தனியாக வேண்டுமாம். அன்றைக்கு எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக்கூடாதாம்.

"படுக்கேக்கை போட ஒரு சொக்ஸும் வேணும்."

"ரெண்டு சோடியா எடன்."

"பாரம் கூடிப்போடும் அக்கா." ஒரு சோடியைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தான். "சரி, ரெண்டு எடுப்பம்."

பிறகு கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான்.

அனோஜினி சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற வாங்கில் இருந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்கத் துடைக்க வந்தது.

கடைக்காரப் பெண் கிட்ட வந்து குனிந்தாள். தம்பியா, முதல் தடவை போகிறாரா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். எடுத்ததெல்லாம் சரியான உடுப்பு, நீங்கள் பயப்படவேண்டாம் என்றாள்.

அனோஜினி தலையாட்டினாள். பயத்தில் வந்த அழுகை இல்லை என்று அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது?

போன வருடம் தை மாதத்தில் ஒருநாள் விடிகிற நேரம், வீட்டுக்குக் கிட்ட இருக்கிற மிச்சம் கொமன் புல்வெளியில் நாயோடு நடக்க வந்த ஒருவர்தான் லக்‌ஷனைக் கண்டார். குளத்தடியில், உறைபனி வெள்ளையாகப் படிந்த புல்லில் இருந்தானாம். உடம்பில் ஒரு ரீசேர்ட் மட்டும். போட்டுக்கொண்டு போன கோட்டைக் கழற்றி, ஒழுங்காக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். போனை வீட்டிலேயே விட்டிருந்தான்.

திரும்பி வருகிற எண்ணத்தோடு போகவில்லை என்று ஆஸ்பத்திரியில் அவனே அக்காவிடம் சொன்னான். குளிர் தெரியவில்லை என்றும் சொன்னான்.

அன்றிலிருந்து அவளுடைய வீட்டு மாடியறையில்தான் இருக்கிறான். மருந்தை ஒழுங்காக எடுத்தான், டொக்டரிடம் போனான், கூப்பிட்டால் சாப்பிட வந்தான். ஆனால் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. கறிக்கு உப்புக் காணாது என்றுகூடச் சொன்னதில்லை. டெனுசன் வந்து நடக்கப் போவமோ என்று கேட்டதும் அவன் ஓம் என்றபோது, அவளுக்கு நெஞ்சு பதறியது. மலை, குளிர், இருட்டு. டொக்டர் போகட்டும் என்றார். கணவனும் போகட்டும் என்றான். அவளுக்குத்தான் அதற்குப் பிறகு நித்திரை இல்லை.

"அக்கா!"

லக்‌ஷன் கடையின் அந்த மூலையிலிருந்து கூப்பிட்டான். தொப்பி இன்னும் தலையில் இருந்தது. கையில் இறகு அடைத்த ஒரு ஜக்கெற். அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் திருப்தி இல்லை.

"இதைவிட மொத்தமா ஒண்டு இருக்கோ எண்டு கேளன். எனக்குக் குளிர் தாங்கேலாது."

அனோஜினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, கடைக்காரப் பெண்ணைத் தேடிப் போனாள்.