ஷீனாவின் இஞ்ச் டேப்பில் ஜோஷியின் கை

துணி உலர்த்தும் சாக்கில் மதிலோரம் நிற்கிறேன். பக்கத்து வீட்டு ஜோஷி, ரப்பர் ஷீட் காயும் கொட்டகையில், எடை தூக்கும் கம்பியருகே புஜத்தை முறுக்கி நிற்கிறான். அவன் மனைவி, தையல்காரி ஷீனா, இஞ்ச் டேப்பால் அளக்கிறாள். போன கிறிஸ்துமசுக்கும் அதற்கு முந்தினதுக்கும் நின்ற அதே பேனாக் கோட்டில் டேப் நிற்கிறது; கை ஒரு நூல்கூடப் பருக்கவில்லை. பாறசாலை ஜிம் கூட்டாளி ரதீஷ் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுக்கிறான். ஓலைக்கீற்று வெயிலில் அது தேன்போல மின்னுகிறது. "எலே, ஸ்டீராய்டாக்கும். ரெண்டு குத்து போரும், கை வீங்கும்." ஷீனாவின் விரல்கள் டேப்பிலேயே உறைகின்றன. பிழிந்த துண்டையே நான் மறுபடி பிழிகிறேன். ஜோஷி தன் கையைப் புது விருந்தாளியைப்போல உற்றுப் பார்க்கிறான். "வீங்கணும்னா கடந்தல் கொட்டினாலும் வீங்கும் மக்கா. ஒழுங்கா தின்னேன், தூக்கினேன், ஒறங்கினேன். எனக்க எலும்புக்கு இவ்வளவுதான் ஆக்கும். இது முழுசும் நான் உண்டாக்கினது." குப்பி பைக்கே திரும்புகிறது. ஷீனா டேப்பை மாலையாக அவன் கழுத்தில் போடுகிறாள். "அப்போ இனி சட்டைக் கையப் பிரிச்சுத் தைக்கண்டாம்." டேப் ஊசலாட, ஜோஷி கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறான். ரதீஷே கைதட்டுகிறான். துண்டைத் தோளில் போட்டுவிட்டு நானும் தட்டுகிறேன். ஒளிந்து பார்த்தது இனித் தெரிந்தால்தான் என்ன.