வம்புக்குப் போகாத ஆர்கான்

ஒரு குளியலறை பல்புக்குள் இழை ஒருத்தியும் ஆர்கான் வாயுவும் குடியிருந்தார்கள். ஆர்கான் மந்த வாயுக் குடும்பம். ஆனால் வீட்டில் எல்லோரும் தங்களை உயரிய வாயுக்கள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

"நாங்க யாரோடயும் ஒட்ட மாட்டோம், யார் வம்புக்கும் போக மாட்டோம். ஹீலியம் பெரியப்பா பலூன்ல பறக்கிறார். நியான் அக்கா கடை வாசல்ல மின்னுறா. எங்க மேல ஒரு புகார் உண்டா?" என்று தினமும் பெருமையடிப்பார் ஆர்கான்.

இழை தகித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். இத்தனை சூட்டிலும் தான் எரிந்துபோகாமல் இருப்பது ஆர்கான் சூழ்ந்திருப்பதால்தான் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் அன்பு என்று நினைத்திருந்தாள்.

ஒருநாள் யாரோ குளிக்கும்போது தண்ணீர் தெறித்து, சூடான கண்ணாடி விரிசல் விட்டது. விரிசல் வழியே ஆக்ஸிஜன் தலையை நீட்டினான்.

"அண்ணே, அவனை உள்ளே விடாதீங்க! அவன் தொட்டா நான் செத்தேன்!" என்று இழை அலறினாள்.

"பதறாதேம்மா. இது உங்க ரெண்டு பேர் விஷயம். நடுவுல நான் பேசினா நல்லாயிருக்காது."

"கொஞ்சம் வழி விடுறீங்களா, சார்?" என்றான் ஆக்ஸிஜன்.

"தாராளமா," என்று ஆர்கான் ஒதுங்கிக்கொண்டார்.

இழை ஒரு கணம் கண்கூச எரிந்தாள். பிறகு கண்ணாடியில் வெள்ளைப் பொடியாகப் படிந்தாள்.

ஆர்கான் அதே விரிசல் வழியே வெளியே வந்தார். "தங்கமான பொண்ணு. ஒருநாள்கூட எங்களுக்குள்ள மனஸ்தாபம் வந்ததில்லை" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.