நாளுக்கு ஓர் அர்த்தம்

ராஜபாளையம் மில்லில் ஃபிட்டரான சோலைராஜ், ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்கு வந்துவிடுவான். தடித்த அகராதியைத் திறந்து, 'செட்' என்ற ஆங்கிலச் சொல்லின் அர்த்தங்களில் நாளுக்கு ஒன்றை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வான். கேட்டால், பரீட்சைக்கு என்பான்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. இன்று அந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பது மட்டும்தான் பாக்கி. அதையும் எழுதிவிட்டு, எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் நூலகர் மரகதம்.

"முடிஞ்சிருச்சு மேடம்."

"இதே அகராதி உங்க ஊர் லைப்ரரியிலயும் இருக்கு, தெரியும்ல?"

சோலைராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

மரகதம் பக்கங்களைப் புரட்டி அவன் முன்னால் வைத்தாள். "இந்தாங்க, 'ரன்'. 'செட்'டை விட ரெண்டு பக்கம் கூட. போன மாசமே தேடி வச்சிட்டேன். இது முடியுறதுக்குள்ள உங்க அம்மாவ எங்க வீட்டுக்கு வந்து பேசச் சொல்லுங்க."