கடைசிச் சொட்டு வரை

"நான் அம்மா பக்கத்துல உட்கார்ந்து குடிக்க வச்ச பேதி மருந்து டாக்டர். கடைசிச் சொட்டு வரைக்கும்! குடல் சுத்தமா இல்லைன்னா அது எப்படி?"

டீச்சரின் குரல் வெளியே வராந்தா வரை கேட்டிருக்கும். பரீட்சை ஹாலில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ இன்னும் ஒருவர் பிறந்து வரவில்லை என்று கூட வேலை செய்பவர்களே கேலி செய்வார்கள். அந்தக் கண்கள் இப்போது அழுது சிவந்திருந்தன.

பக்கத்து நாற்காலியில் அப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உள்ளே வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாடியில் வார்டில் இருந்தாள். நாளை ஆபரேஷன்.

"ரெண்டு வருஷம் முன்னாடியும் நீங்கதானே குடலுக்குள்ள குழாய் விட்டுப் பார்த்தீங்க? இன்னைக்கு இவ்வளவு பெரிய கட்டிங்கறீங்க. முத்திப்போச்சுங்கறீங்க. பிழைப்பாங்களான்னு கேட்டா, பார்க்கலாம்ங்கறீங்க. அது என்ன, வானத்துல இருந்தா குதிச்சுது?"

"அப்பவே இருந்திருக்கும்மா. சின்னதா, ஒரு மொட்டு மாதிரி. கண்ணுல பட்டிருந்தா அங்கேயே கிள்ளி எடுத்திருப்பேன்."

"அப்புறம் ஏன் படல?"

"குடலோட வலது பக்கம் முழுக்க ஒரே சகதி. கலங்கின தண்ணிக்குள்ள கிடக்கற கூழாங்கல்லு தெரியுமா? கழுவிக் கழுவிப் பார்த்தேன், முடியல. ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்லவே இல்லை. பார்த்த வரைக்கும் ஒண்ணும் இல்லை, மருந்தை ஒழுங்காக் குடிச்சுட்டு மறுபடி வாங்கன்னு சொன்னேன். உங்ககிட்டதான் சொன்னேன்."

டீச்சருக்கு நினைவிருந்தது. மறக்கக்கூடியதா அது? அந்த 'ஒழுங்கா'தான் அன்று அவளைச் சுருக்கென்று தைத்தது. லீவு போட்டுவிட்டுக் காவல் இருந்தவளிடம் ஒழுங்காக என்பதா? தன் பார்வைக் குறையை மறைக்க இந்த மனுஷன் நோயாளி மேல் பழி போடுகிறார் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். அம்மாவை இன்னொரு தடவை அந்தப் பாடு படுத்த மனமும் வரவில்லை. வீட்டில் கேட்டவர்களிடம், "எல்லாம் நல்லா இருக்காம்" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

"பாட்டிலைக் கவிழ்த்தே பார்த்தேன் டாக்டர். எங்கேயாவது கொட்டிடுவாங்களோன்னு டம்ளரோட எழுந்திருக்கவே விடல. உங்க கண்ணுக்குத் தப்பினதுக்கு எங்கம்மா பலியா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பாப்பா..." அப்பா அவள் கையைத் தொட்டார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. இவரை நான் லேசுல விடப்போறதில்லை."

"அவரைத் திட்டாதம்மா." அப்பா தரையைப் பார்த்தபடியே பேசினார். "அன்னைக்கு உங்கம்மா ஒவ்வொரு டம்ளருக்கும் குமட்டிக்கிட்டு அழுதா. எனக்குப் பார்க்கச் சகிக்கல. நீ போன் பேசப் போனப்பெல்லாம், அடுப்படிக்குப் போனப்பெல்லாம், அவ டம்ளரை வாங்கி நான் மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டேன். பாதிக்கு மேல என் வயித்துக்குத்தான் போச்சு."

டீச்சர் அப்பா பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா... ஏன் இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல?"

அப்பா முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு நீதானேம்மா வந்து சொன்ன? மறுபடி வரச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லியிருந்தா, அன்னைக்கே உன் கால்ல விழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேனே!"